கிறிஸ்டின் மெக்வி: ஃப்ளீட்வுட் மேக்கின் கீபோர்டும் அவர் எழுதிய பாடல்களும்

கடற்கரைவாசி எழுதியது:

பிரிட்டிஷ்-அமெரிக்க ராக் குழுவான ஃப்ளீட்வுட் மேக்கைப் பற்றி இந்த மன்றத்தில் எழுதப்பட்டவற்றைத் தேடினால், பீட்டர் கிரீனின் கிட்டாரைப் பற்றியும், ஸ்டீவி நிக்ஸின் குரலைப் பற்றியும், லிண்ட்சி பக்கிங்ஹாம் 1987-இலும் 2018-இலும் குழுவை விட்டுப் பிரிந்ததைப் பற்றியும் பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. அக்குழுவின் கீபோர்டுக் கலைஞரும் பாடகியும் பாடலாசிரியருமான கிறிஸ்டின் மெக்விக்கென்று தனி இழை ஒன்றுகூட இல்லை. அந்தக் குறை நீங்க வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1988-இல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பின் அமெரிக்கப் பதிப்பில் 16 பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் எட்டு கிறிஸ்டின் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ எழுதியவை. நிக்ஸுடையவை ஐந்து, பக்கிங்ஹாமுடையவை மூன்று. பாடலாசிரியர்கள் மூவர் இருந்த ஒரு குழுவின் வெற்றிப் பாடல்களில் சரிபாதி ஒருவருடைய கையிலிருந்து வந்திருக்க, அக்குழுவின் வரலாற்றைச் சொல்லும்போது மட்டும் அவர் மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் தள்ளப்படுவது எனக்கு நெடுங்காலமாகவே உறுத்தலாக இருக்கிறது.

அவர் 1943 ஜூலை 12 அன்று வடமேற்கு இங்கிலாந்தில் பௌத் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறந்தபோது பெயர் கிறிஸ்டின் பெர்ஃபெக்ட். வளர்ந்தது பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெத்விக் பகுதியில். தந்தை சிரில் வயலின் கலைஞர், இசை விரிவுரையாளர். எனவே வீட்டில் பியானோவும் இருந்தது, முறையான மேற்கத்தியச் செவ்வியல் பயிற்சியும் கிடைத்தது. பதினைந்து வயதளவில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்த, அமெரிக்கப் பியானோக் கலைஞர் ஃபேட்ஸ் டோமினோவின் பாடல்கள் அடங்கிய இசைக்குறிப்புப் புத்தகம் அந்தப் பயிற்சியின் திசையையே மாற்றிவிட்டது. இடக்கை ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்க, வலக்கை அதன்மேல் பேசும் அந்த நியூ ஆர்லியன்ஸ் வாசிப்பு அவரிடம் அன்று ஒட்டிக்கொண்டது, கடைசிவரை விலகவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அவரைப் 'பாடல் எழுதிய கீபோர்டுக் கலைஞர்' என்று இரண்டு வேலைகளாகப் பிரித்துப் பார்ப்பது பொருந்தாது. அவருடைய பாடல்கள் பியானோக் கட்டைகளின்மேல் பிறந்தவை. அவற்றின் எளிமையும் நடையும் அந்த இடக்கையிலிருந்து வந்தவை. இதை ஒப்புக்கொள்பவர்களும் மறுப்பவர்களும் எழுதுங்கள்.

பழைய கேசட் எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. 1975-க்கு முந்தைய காலத்தை நான் கொஞ்சம் நிரப்புகிறேன். பெரும்பாலான கட்டுரைகள் அங்கே ஒரு பத்தியோடு தாண்டிப் போய்விடுகின்றன.

அவர் பர்மிங்ஹாமில் ஐந்து ஆண்டுகள் கலைக்கல்லூரியில் சிற்பம் படித்தவர். ஓவிய ஆசிரியை ஆவதுதான் எண்ணம். அங்கிருந்தபோதே ஸ்டான் வெப், ஆண்டி சில்வெஸ்டர் ஆகியோரோடு ஒரு ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை வகை) குழுவில் வாசித்தார். படிப்பு முடிந்ததும் லண்டன் சென்று, ஒரு பெரிய துணிக்கடையில் கண்ணாடிக் காட்சிப் பெட்டிகளை அலங்கரிக்கும் வேலை பார்த்தார். 1967-இல் அந்தப் பழைய நண்பர்கள் சிக்கன் ஷாக் என்ற குழுவைத் தொடங்கி, பியானோ வாசிக்க ஆள் வேண்டும் என்று அழைத்தபோது வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தார். ப்ளூஸ் பியானோ எப்படி ஒலிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, ப்ளூஸ் கிட்டார்க் கலைஞர் ஃப்ரெடி கிங்கின் இசைத்தட்டுகளைக் கேட்கச் சொல்லிச் சில்வெஸ்டர் கொடுத்திருக்கிறார். அவற்றில் பியானோ வாசித்த சன்னி தாம்சனைக் கேட்டுக் கேட்டுத்தான் கிறிஸ்டின் தம் பாணியை அமைத்துக்கொண்டார். கிட்டார் பாடும்போது இடம் விட்டு, அது மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு மூன்று சுரங்களால் பதில் சொல்லும் அந்த முறையைத் தெரிந்துகொண்டு கேட்டால், பின்னாளில் ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' ஆல்பத்திலும் அதை இனங்காணலாம்.

சிக்கன் ஷாக் வெளியிட்ட முதல் சிங்கிளே (தனிப் பாடலுக்கென வரும் இசைத்தட்டு) கிறிஸ்டின் எழுதியதுதான். ஆனால் பெயர் வாங்கித் தந்தது எட்டா ஜேம்ஸ் முன்பு பாடிய 'ஐட் ராதர் கோ ப்ளைண்ட்'. 1969-இல் அது பிரிட்டிஷ் தரவரிசையில் 14-ஆம் இடம் வரை சென்றது. எட்டா ஜேம்ஸ் குமுறிப் பாடிய பாட்டைக் கிறிஸ்டின் குரலை உயர்த்தாமல், உள்ளுக்குள்ளேயே வைத்துப் பாடியிருப்பார். 'மெலடி மேக்கர்' இதழின் வாசகர்கள் 1969, 1970 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவரைச் சிறந்த பாடகியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

1968-இல் ஃப்ளீட்வுட் மேக்கின் பேஸ் கிட்டார்க் கலைஞர் ஜான் மெக்வியை மணந்தார். இரண்டு குழுக்களும் ப்ளூ ஹொரைசன் என்ற ஒரே நிறுவனத்தில் இருந்தவை. ஆனால் ஆளுக்கொரு திசையில் பயணம் செய்ததால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்ப்பதே அரிதானது. 1969-இல் சிக்கன் ஷாக்கை விட்டு விலகினார். 1970-இல் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீன் ஃப்ளீட்வுட் மேக்கிலிருந்து வெளியேறிய பிறகு வந்த 'கில்ன் ஹவுஸ்' ஆல்பத்தில், முறையாக உறுப்பினர் ஆகாமலேயே கீபோர்டு வாசித்தார், பின்குரல் கொடுத்தார், அட்டைப் படத்தையும் அவரே வரைந்தார். அந்த ஆண்டிலேயே உறுப்பினரும் ஆனார்.

அதன் பிறகு வந்த நான்கு ஆண்டுகளும் அக்குழுவுக்குச் சோதனைக் காலம். 1971-இல் அமெரிக்கப் பயணத்தின் நடுவே ஜெரெமி ஸ்பென்சர் ஒரு சமயக் குழுவோடு போய்விட்டார். 1972-இல் டேனி கர்வன் நீக்கப்பட்டார். 1974-இல் மேலாளர், குழுவின் பெயரைத் தமக்குரியது என்று கூறி, சம்பந்தமே இல்லாத வேறு ஆட்களை ஃப்ளீட்வுட் மேக் என்ற பெயரில் மேடையேற்றினார். முன்வரிசையில் நின்ற கிட்டார்க் கலைஞர்கள் வந்தும் போயும் கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் ஒவ்வோர் ஆல்பத்திலும் தவறாமல் இருந்தது கிறிஸ்டின் எழுதிய பாடல்கள். 'பேர் ட்ரீஸ்' ஆல்பத்தில் உள்ள 'ஸ்பேர் மீ அ லிட்டில் ஆஃப் யுவர் லவ்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டுப் பாடல் அது. பக்கிங்ஹாமும் நிக்ஸும் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, பின்னாளில் உலகம் முழுவதும் விரும்பிய கிறிஸ்டின் பாட்டு முழு உருவத்தோடு அதில் இருக்கிறது.

ஆலயப்பாடகி எழுதியது:

நான் பதினெட்டு வயதிலிருந்து எங்கள் ஊர் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன். ராக் இசை எனக்குப் பிற்காலத்தில் அறிமுகமானது. அதனால் கட்டைகளின் பக்கமிருந்து மட்டும் பேசுகிறேன்.

'டோண்ட் ஸ்டாப்' பாட்டின் நடை ஷஃபிள். ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் ஒலிக்கவிடும் நடை அது. கடற்கரைவாசி ஐயா சொன்ன ஃபேட்ஸ் டோமினோவின் மும்மைத் தட்டு இதற்கு நேர் உறவு. பாட்டின் செய்தி நம்பிக்கை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கை சொற்களிலிருந்து வருவதைவிட அதிகமாக இந்த நடையிலிருந்து வருகிறது என்பது என் துணிபு. கார்டுகளோ (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மிகச் சாதாரணமானவை. பல்லவிக்கு முன்வரை இ, டி, ஏ என்ற மூன்று மேஜர் கார்டுகள் மாறி மாறி வருகின்றன. பயிற்சி தொடங்கிய பிள்ளையும் ஒரு வாரத்தில் பிடித்துவிடக்கூடியவை. ஆனால் இடக்கை நடையை விடாமல் மூன்று நிமிடம் அந்தத் துள்ளலைக் காப்பாற்றிப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும். பதிவில் வழக்கமான பியானோவோடு இன்னொரு பியானோவும் சேர்த்து வாசிக்கப்பட்டிருக்கிறது. அதில் சுத்தியல்கள் தந்தியைத் தொடும் இடத்தில் ஆணி பொருத்தப்பட்டிருப்பதால், பஞ்சுபோன்ற ஒலிக்குப் பதிலாகத் தகரத்தில் தட்டியதுபோன்ற கூர்மை கிடைக்கிறது. கிட்டாரும் டிரம்ஸும் நிறைந்த பதிவிலும் பியானோ அமுங்காமல் மேலே வருவதற்கு அது ஒரு காரணம்.

'யூ மேக் லவிங் ஃபன்' பாட்டில் முற்றிலும் வேறொரு வாத்தியம். அதன் தொடக்கத்திலேயே கேட்கும் அந்த வெட்டுவெட்டான ஒலி ஹோனர் கிளாவினெட்டினுடையது. கிளாவினெட்டில் கட்டையை அழுத்தினால் அதன் அடியிலுள்ள ரப்பர் முனை தந்தியை அடித்து அழுத்துகிறது. மின்கிட்டாரில் இருப்பதைப் போன்ற பிக்அப் அந்த அதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. அதாவது கட்டைகள் பூட்டிய மின்கிட்டார் என்றே அதைச் சொல்லலாம். எனவேதான் கிட்டார்க்காரர்கள் ஒலியை 'வா-வா' என்று வளைக்கப் பயன்படுத்தும் வா-வா பெடல் அதற்கு அவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது. இந்தப் பாட்டின் பதிவில் கிறிஸ்டின் வாசிக்க, அந்தப் பெடலை டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட் தம் கைகளால் தாளத்துக்கேற்ப அசைத்திருக்கிறார். அடியில் ஜான் மெக்வியின் பேஸ் கிட்டார் போகிறது. கிளாவினெட்டும் பேஸும் ஒன்றின் கால்மேல் மற்றொன்று மிதிக்காமல் எப்படி இடம் பிரித்துக்கொள்கின்றன என்பதை ஹெட்போன் வைத்து ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

இந்த இரண்டு பாட்டுக்குமிடையே ஒரு பொதுப் பண்பு உண்டு. அவர் எந்த இடத்திலும் வேகத்தைக் காட்டுவதற்காக விரல்களை ஓட்டவில்லை. அதே காலத்தில் ராக் மேடைகளில் கீபோர்டு என்றாலே வாத்தியங்களை அடுக்கடுக்காகச் சுற்றிலும் நிறுத்திக்கொண்டு பத்து நிமிடம் சோலோ வாசிப்பது என்ற வழக்கம் நன்றாக வேரூன்றியிருந்தது. கிறிஸ்டினோ, ஹாமண்ட் ஆர்கனுக்கும் பியானோவுக்கும் நடுவில் அமர்ந்து, பாட்டுக்கு எது தேவையோ அதை மட்டும் வாசித்தார்.

கிட்டார்ப்பித்தன் எழுதியது:

மூவரும் அன்போடு எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு பக்கத்தை நீங்கள் தொடவில்லை என்பதால் சொல்கிறேன். கிறிஸ்டினின் பாடல்களை நாம் இன்று கேட்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தவர் லிண்ட்சி பக்கிங்ஹாம். 1987-இல் வந்த 'எவ்ரிவேர்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மணிகள் கொட்டியதைப்போல வரும் அந்த ஒலியை அடையாளமாக வைத்துத்தான் உலகமே அந்தப் பாட்டை இனங்காண்கிறது; அது டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பக்கிங்ஹாம் பதிவு செய்த கிட்டார்களிலிருந்து வருகிறது. 1972-இலேயே கிறிஸ்டினின் பாட்டு முழு உருவத்தோடு இருந்தது என்று பழைய கேசட் அண்ணன் எழுதியிருக்கிறார். முழு உருவத்தோடு இருந்திருந்தால் அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு பாட்டுகூட வெற்றி பெறாதது ஏன்? 2004-இல் அவர் தனியாக வெளியிட்ட 'இன் த மீன்டைம்' ஆல்பத்தை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பாட்டு எழுதுவது வேறு, பதிவு அமைப்பது வேறு. இரண்டாவதில் பக்கிங்ஹாமின் பங்கைக் குறைத்துக் கிறிஸ்டினை உயர்த்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

ஆலயப்பாடகி எழுதியது:

பக்கிங்ஹாமின் பங்கைக் குறைக்க யாரும் முயலவில்லை, தம்பி. 'எவ்ரிவேர்' பற்றி நீங்கள் சொன்னது முழுவதும் சரி. ஆனால் எதிர்த்திசையிலும் சான்றுகள் இருக்கின்றன. அவற்றையும் அருகில் வையுங்கள்.

நான் மேலே எழுதிய 'யூ மேக் லவிங் ஃபன்' பாட்டின் பதிவு தொடங்கியபோது பக்கிங்ஹாம் ஸ்டூடியோவில் இல்லை. கிளாவினெட், பேஸ், டிரம்ஸ் என்ற அடித்தளம் முழுவதும் கிறிஸ்டினின் விருப்பப்படி எழுந்த பிறகே கிட்டார் அதன்மேல் வந்து அமர்ந்தது. அந்தப் பாட்டு அமெரிக்காவில் ஒன்பதாம் இடத்தைப் பிடித்தது.

அடுத்தது 'த செயின்'. ஐந்து பேரும் சேர்ந்து எழுதியதாகப் பெயர் போடப்பட்ட ஒரே பாட்டு 'ரூமர்ஸ்' ஆல்பத்தில் அதுதான். ஜான் மெக்வியின் பேஸ் தனியாக நடந்து வந்து பாட்டு வெடிக்கும் அந்தப் பிற்பகுதி எங்கிருந்து வந்தது? கிறிஸ்டின் எழுதி, பாதியில் கைவிட்ட 'கீப் மீ தேர்' என்ற பாட்டின் இறுதிப் பகுதி அது. முன்பகுதியை நீக்கிவிட்டு, நிக்ஸின் வரிகளையும் பக்கிங்ஹாமின் பழைய கிட்டார் மெட்டையும் கொண்டு புதிய முன்பகுதி தைத்தார்கள். கிறிஸ்டினுக்குப் பக்கிங்ஹாம் தேவைப்பட்டதைப் போலவே பக்கிங்ஹாமுக்கும் கிறிஸ்டின் தேவைப்பட்டார். அவருடைய கிட்டாரில் ப்ளூஸ் வேர் கிடையாது. அவர் கலிஃபோர்னியாவின் நாட்டார் இசையிலிருந்து வந்தவர், பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரல்களாலேயே தந்தியை மீட்டுபவர். பீட்டர் கிரீன் காலத்து ப்ளூஸை 1975-க்குப் பிந்தைய ஃப்ளீட்வுட் மேக்கில் தொடரவைத்தவர்கள் ஜான் மெக்வி, மிக் ஃப்ளீட்வுட், கிறிஸ்டின் ஆகிய மூவர்தான். அவர்களில் பாட்டு எழுதியவர் கிறிஸ்டின் ஒருவரே.

கடற்கரைவாசி எழுதியது:

வெற்றி பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். பக்கிங்ஹாமும் நிக்ஸும் சேர்ந்த பிறகு வந்த 1975 ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்தை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆனது. 1976 செப்டம்பரில்தான் எட்டியது. அந்த மெதுவான ஏற்றத்துக்கு முதல் படி போட்டது எந்தப் பாட்டு? 'ஓவர் மை ஹெட்'. கிறிஸ்டின் எழுதியது, கிறிஸ்டின் பாடியது. 20-ஆம் இடத்தைப் பிடித்து, அமெரிக்க வானொலிகளில் அக்குழுவுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பின்னால் நிக்ஸின் 'ரியானன்' 11-ஆம் இடத்துக்கும், மீண்டும் கிறிஸ்டினின் 'சே யூ லவ் மீ' அதே 11-ஆம் இடத்துக்கும் வந்தன. 'ரூமர்ஸ்' ஆல்பத்திலிருந்து அமெரிக்காவின் முதல் பத்தில் இடம்பெற்ற பாடல்கள் நான்கு. அவற்றில் இரண்டு கிறிஸ்டினுடையவை, 'டோண்ட் ஸ்டாப்' மூன்றாம் இடம் வரை போனது. 1982-இல் ராபி பேட்டனோடு சேர்ந்து எழுதிய 'ஹோல்ட் மீ', 1987-இல் இரண்டாம் கணவர் எடி குவின்டேலாவோடு சேர்ந்து எழுதிய 'லிட்டில் லைஸ்' ஆகிய இரண்டும் நான்காம் இடத்தைப் பிடித்தன. 1984-இல் தனி ஆல்பத்தில் வந்த 'காட் அ ஹோல்ட் ஆன் மீ' கூட அங்கே பத்தாம் இடத்துக்கு வந்திருக்கிறது. பக்கிங்ஹாமின் அமைப்புத் திறன் இந்தப் பாடல்கள் பலவற்றுக்கு உதவியது உண்மை. அதே திறன் அவருடைய சொந்தப் பாடல்களுக்கும் முழுமையாகக் கிடைத்தது அல்லவா? அப்படியிருந்தும் வானொலி திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது கிறிஸ்டினை. ஆக, வேறுபாடு மெட்டில் இருக்கிறது.

மேகலை எழுதியது:

படிக்கப் படிக்க நிறைவாக இருக்கிறது. எனக்கு வேறொரு கோணத்தில் ஒரு கேள்வி. விவாகரத்து செய்துகொண்ட கணவர் பக்கத்திலேயே நின்று பேஸ் கிட்டார் வாசிக்க, புதிய காதலைப் பற்றிய பாட்டை அவருக்கு முன்னாலேயே பாடி எப்படி இருபது ஆண்டுகள் வேலை செய்ய முடிந்தது? குழுவில் இன்னொரு பெண் சேர்ந்தபோது போட்டி எழவில்லையா? அக்காமார் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆலயப்பாடகி எழுதியது:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மேகலை. 1974 இறுதியில் மிக் ஃப்ளீட்வுட் பக்கிங்ஹாமை அழைத்தபோது, நிக்ஸும் சேர்ந்து வந்தால்தான் வருவேன் என்றார் அவர். நிக்ஸைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவைக் குழுவினர் கிறிஸ்டினிடம் விட்டார்கள். இரண்டு பெண்களும் ஒத்துப்போகாவிட்டால் குழு நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிறிஸ்டினுக்கு நிக்ஸைப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. நிக்ஸ் குழுவில் கிட்டாரோ கீபோர்டோ வாசிப்பவரல்லர், மேடையின் நடுவில் நின்று பாடுபவர். கிறிஸ்டின் நடுமேடையை விரும்பியவரல்லர், கட்டைகளுக்குப் பின்னால் இருப்பதையே விரும்பியவர். இருவருடைய இடங்களும் மோதவில்லை. புகழ்பெற்ற ஆண் கிட்டார்க் கலைஞர்கள் நிறைந்த ஓர் அறைக்குள் நுழையும்போது, தங்களை இரண்டாம் தரமாக யாரும் நடத்த விடுவதில்லை என்று இருவரும் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொண்டதாக நிக்ஸ் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்.

முதல் கேள்விக்கு, நடந்ததை மட்டும் சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் 'ரூமர்ஸ்' பதிவாகிக்கொண்டிருந்த 1976-இல் ஜானும் கிறிஸ்டினும் ஏறக்குறையப் பேசிக்கொள்ளாத நிலையில் இருந்தார்கள். இசை பற்றிப் பேச மட்டுமே வாய் திறந்தார்கள். 'யூ மேக் லவிங் ஃபன்' குழுவின் ஒளியமைப்பாளரோடு கொண்டிருந்த காதலைப் பற்றியது. வீண் மனக்கசப்பைத் தவிர்க்க, அது தம் நாயைப் பற்றிய பாட்டு என்று ஜானிடம் சொல்லிவைத்தார். அதே பாட்டில் ஜான் வாசித்திருக்கும் பேஸைத்தான் மேலே ஹெட்போன் வைத்துக் கேட்கச் சொன்னேன். மணமுறிவுக்குப் பிறகும் மெக்வி என்ற பெயரையே கிறிஸ்டின் வைத்துக்கொண்டார்; ஜானோடு நட்பாகவே இருந்தார்.

பழைய கேசட் எழுதியது:

அந்தப் பதிவு நாள்களைப் பற்றிப் பேசும்போது 'சாங்பேர்ட்' பாட்டைத் தனியாக எடுத்துச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒரு நள்ளிரவில் தூக்கம் வராமல் எழுந்து, அறையில் இருந்த சிறு கீபோர்டில் கைவைத்தபோது அரைமணி நேரத்தில் மெட்டும் வரிகளுமாக முழுப் பாட்டும் வந்துவிட்டது. பக்கத்தில் டேப் ரெக்கார்டர் இல்லை. தூங்கினால் மறந்துவிடும் என்ற அச்சத்தில், விடியும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு விழித்திருந்து, காலையில் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிவு செய்யச் சொன்னார். அதைக் கேட்ட தயாரிப்பாளர் கென் கேலட்டுக்கு, இந்தப் பாட்டு ஸ்டூடியோ அறைக்குள் அடங்காது, ஒரு கச்சேரி அரங்கின் எதிரொலி இதற்கு வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அதற்காக பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜெல்லர்பாக் அரங்கத்தை 1976 மார்ச் மாதத்தில் ஓர் இரவுக்கு எடுத்தார்கள். யாருமில்லாத அரங்கு, மேடையில் ஒன்பதடி நீள ஸ்டெயின்வே பியானோ, அதன்மேல் ஒரு பூங்கொத்து, மேலிருந்து மூன்று வண்ண விளக்குகள். எதிரொலியைப் பிடிக்க அரங்கெங்கும் மைக்குகள். குரலும் பியானோவும் ஒன்றாகவே பதிவாக வேண்டும் என்பதால், எங்கேனும் ஒரு சிறு பிசகு நேர்ந்தாலும் முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. தாளம் தளராமலிருக்கப் பக்கிங்ஹாம் மேடைக்கு அப்பால் அமர்ந்து கிட்டார் மீட்டினார். பதிவு விடியும்வரை நீண்டது.

நம் கிட்டார்ப்பித்தன் தம்பிக்கு இதையே விடையாகவும் வைக்கலாம். ஸ்டூடியோ உத்தி எதுவும் இல்லாமல், ஏறக்குறைய ஒருவருடைய பத்து விரல்களும் ஒரு குரலும் மட்டுமே நிற்கும் பாட்டு இது. கச்சேரிகளின் கடைசிப் பாட்டாகப் பல ஆண்டுகள் இதையே பாடினார். குழுவே இரைந்து முடித்த மேடையில் அவர் தனியாக வந்து பியானோ முன் அமர, கூட்டம் அந்தச் சிறிய பாட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனது.

கிட்டார்ப்பித்தன் எழுதியது:

'சாங்பேர்ட்' பற்றி எனக்கு மறுப்பேதும் இல்லை. 'எவ்ரிவேர்' பற்றிய என் கருத்தில் மாற்றமும் இல்லை. பக்கிங்ஹாமும் கிறிஸ்டினும் ஒருவருக்கொருவர் எவ்வளவு பொருந்தினார்கள் என்பதற்கு நல்ல சான்று 2017-இல் இருவர் பெயரிலும் வந்த ஆல்பம். லாஸ் ஏஞ்சலஸில் 'டஸ்க்' பதிவான அதே வில்லேஜ் ஸ்டூடியோவில்தான் அதையும் பதிவு செய்தார்கள். மிக் ஃப்ளீட்வுட்டும் ஜான் மெக்வியும் வாசித்திருக்கிறார்கள். ஐவரில் நிக்ஸ் மட்டும்தான் இல்லை. அதன் கடைசிப் பாட்டான 'கார்னிவல் பிகின்' கிறிஸ்டின் எழுதியது. எழுபது வயதுக்கு மேல் ஒருவர் எழுதிய பாட்டு என்று நம்புவது கடினம்.

'டஸ்க்' ஆல்பத்தையும் கிறிஸ்டின் கோணத்தில் பார்க்கலாம். 1979-இல் பக்கிங்ஹாம் புதிய வழிகளைத் தேடி எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரட்டை ஆல்பத்தைத் தொடங்கி வைப்பது கிறிஸ்டினின் 'ஓவர் அண்ட் ஓவர்', முடித்து வைப்பது அவருடைய 'நெவர் ஃபர்கெட்'. நடுவில் எவ்வளவு கலவரம் நடந்தாலும் இரு முனைகளிலும் அவர் நிற்கிறார்.

மேகலை எழுதியது:

1998-இல் விலகிப் பதினாறு ஆண்டுகள் ஒதுங்கியிருந்தது ஏன்? 1997-இல் 'த டான்ஸ்' ஆல்பமும் அந்தப் பயணமும் அவ்வளவு பெரிய வெற்றி அடைந்த பிறகு ஒருவர் ஏன் போக வேண்டும்?

கடற்கரைவாசி எழுதியது:

முதன்மையான காரணம் விமானப் பயண அச்சம். அது ஆண்டுக்காண்டு முற்றிக்கொண்டே வந்தது. 1990-இல் பயணத்தில் இருந்தபோது தந்தை இறந்தார். அதன் பிறகே ஊர் ஊராகச் சுற்றும் வாழ்க்கையிலிருந்து அவர் மனம் விலகத் தொடங்கிவிட்டது. 1998-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்தைக் குழுவோடு பெற்றுக்கொண்ட பிறகு, லாஸ் ஏஞ்சலஸ் வீட்டை விற்றுவிட்டுக் கேன்டர்பரி அருகே ஒரு கிராமத்தில் தாம் வாங்கியிருந்த பழைய வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு களஞ்சியத்தை ஸ்டூடியோவாக மாற்றித்தான் 2004 ஆல்பத்தை உருவாக்கினார். கிராமத்து வாழ்க்கை இனிமையாகவே தொடங்கியது. ஆனால் போகப் போகத் தனிமை வாட்டியது என்று அவரே பின்னர் பேட்டிகளில் மனம் திறந்து கூறியிருக்கிறார். அச்சத்தைப் போக்க மருத்துவ உதவி நாடினார். 2013-இல் மிக் ஃப்ளீட்வுட்டோடு ஹவாயின் மாவி தீவுக்குப் பறந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் குழுவோடு மேடையேறி 'டோண்ட் ஸ்டாப்' பாடினார். 2014 ஜனவரியில் மீண்டும் உறுப்பினரானார். வாழ்நாள் சாதனைக்கான ஐவர் நவெல்லோ விருதும் 2014-இல்தான் அவருக்குக் கிடைத்தது.

அவர் உறுப்பினராக இல்லாத 2003 ஆல்பத்தையும் அந்த ஆண்டுகளின் மேடைப் பதிவுகளையும் கேட்டால், பக்கிங்ஹாமும் நிக்ஸும் எதிரெதிராக நின்று இழுக்க, நடுவில் இருவரையும் இணைக்க ஆளில்லாமல் இருப்பது காதுக்கே தெரிகிறது. மூன்று குரல்கள் சேரும் இடங்களில் கிறிஸ்டினின் தாழ்ந்த, நேரான, அசைவு குறைந்த குரல் நிக்ஸின் கரகரப்புக்கும் பக்கிங்ஹாமின் கூர்மைக்கும் நடுவே அமர்ந்து இரண்டையும் ஒட்டவைத்தது. 2022-இல் அவர் இறந்த பிறகு, கிறிஸ்டின் இல்லாமல் குழுவைத் தொடர்வதில் பொருளில்லை என்று நிக்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். பீட்டர் கிரீன் போனபோதும், பக்கிங்ஹாம் போனபோதும், அந்தக் குழு வேறு ஆள்களை வைத்துத் தொடர்ந்தது; கிறிஸ்டின் இறந்த பிறகு தொடரவில்லை.

மேகலை எழுதியது:

நன்றி, ஐயா. கடைசியாக ஒன்று. என் மகள் இரண்டு ஆண்டுகளாகக் கீபோர்டு பயில்கிறாள். அவளுக்கு எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

ஆலயப்பாடகி எழுதியது:

'சாங்பேர்ட்' எளிது என்று எல்லாரும் அதைத்தான் முதலில் கொடுப்பார்கள். நான் கொடுக்கமாட்டேன். அதில் சுரங்கள் குறைவுதான். ஆனால் பாடிக்கொண்டே வாசிக்கும்போது வேகம் தளராமல் காப்பது பெரியவர்களுக்கே கடினம். 'டோண்ட் ஸ்டாப்' பாட்டிலிருந்து தொடங்கட்டும். முதல் பதினைந்து நாள் வலக்கையைத் தொடவே வேண்டாம். இடக்கையால் மட்டும் அந்த ஷஃபிள் நடையை, பாட்டின் பாதி வேகத்தில், மெட்ரோனோமுக்கு (வேகம் காட்டும் தாளக் கருவி) வாசிக்கச் சொல்லுங்கள். அது நிலைத்த பிறகு வலக்கையில் கார்டுகளைச் சேர்க்கலாம், அதன்பின் பாடவும் சொல்லலாம். அடுத்தது 'சே யூ லவ் மீ'. அதையும் முடித்துவிட்டால் 'ஸ்பேர் மீ அ லிட்டில் ஆஃப் யுவர் லவ்'. அதில் ஆர்கனையும் பியானோவையும் ஒரே பாட்டில் எப்படிப் பகிர்ந்து அமைப்பது என்று காது பழகும். மகளின் கீபோர்டில் கிளாவினெட் ஒலி இருந்தால், 'யூ மேக் லவிங் ஃபன்' தொடக்கத்தை அவளே கேட்டுப் பிடித்துவிடுவாள். கட்டையை அழுத்தியவுடன் விரலை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். பிடித்து வைத்தால் அந்த வெட்டு வராது.